சாப்பாடு, தூக்கம், மூளை: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். எழுந்து கிளம்பும் நேரத்தில்தான் மனதில் கிடப்பது வெளியே வரும்: "ஆத்தாவுக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியா இருக்கு", "ராத்திரி கண்ணை மூடினாலும் தூக்கம் வரலை", "எதுலயும் பிடிப்பே இல்லை". அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நம் பக்கத்தில் "வயசாயிடுச்சு", "மனசு சரியில்லை" என்று ஒதுக்கிவிடும் பல தொல்லைகளில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. வைத்தியம் பார்க்கும்போதே அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாப்பாட்டுக்கும் மனசுக்கும் நிஜமாவே தொடர்பு உண்டா, இல்லை சும்மா சொல்றாங்களா?

உண்டு. மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அது வேலை செய்ய இரும்பு, அயோடின், பி வைட்டமின்கள், நல்ல கொழுப்பு, புரதம் எல்லாமே வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஸ்மைல்ஸ் என்ற ஆய்வை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். மனச்சோர்வு நோய் இருந்த 67 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 12 வாரம் உணவு ஆலோசனை. இன்னொரு பிரிவுக்கு அதே அளவு நேரம் பேச்சுத் துணை மட்டும். முடிவில் உணவை மாற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நோய் நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். மற்றப் பிரிவில் 8 சதவீதம் பேர். சிறிய ஆய்வு, கலந்துகொண்டவர்களுக்குத் தாங்கள் எந்தப் பிரிவு என்பதும் தெரியும், ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையைப் பலர் தொடர்ந்தார்கள். அதனால் இதைவைத்து மாத்திரையை நிறுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் கொடுத்த உணவு என்ன தெரியுமா? முழுத் தானியம், பயறு, காய், கீரை, மீன், கொட்டை வகைகள், ஆலிவ் எண்ணெய். நம் வீடுகளில் பருப்பு, கீரை மண்டி, மொச்சை, மீன் குழம்பு, நல்லெண்ணெய் என்று இருந்த சாப்பாடு இதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம்.

அப்பத்தா ஊர்ல பெரிய வீட்டுல தனியா இருக்காங்க. ஒரு வருஷமா மறதி, சோர்வு, யார்கிட்டயும் பேசப் பிடிக்கலைங்கிறாங்க. இது மறதி நோயா?

இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் அவர் நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். "நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்று பொதுவாகச் சொல்வதை ஏற்காமல், காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் ஆச்சிமாரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் பட்டியல் இப்படி இருக்கும்: காலையில் காபி. ஒன்பது மணிக்கு இரண்டு இட்லி. மதியம் தயிர் சாதம், ஊறுகாய். சாயங்காலம் மறுபடி காபி, டின்னில் இருக்கும் தேன்குழல் ஒன்றிரண்டு. ராத்திரி ஒரு தம்ளர் பால், ஒரு பழம்.

வயிறு நிறைந்துவிடும். பசி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால் நாள் முழுக்கப் புரதம் சுமார் 25 கிராம்தான் தேறும். 50 கிலோ எடை உள்ளவருக்கு, நம் நாட்டு உணவு வழிகாட்டுதல்படியே 40 கிராமுக்கு மேல் வேண்டும். முதியவர்களுக்கு 50, 60 கிராம் நல்லது என்று மூப்பியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். காய் இல்லை, கீரை இல்லை, இரும்புச் சத்து மிகக் குறைவு. தசை இளைக்கிறது, நடை தளர்கிறது, வெளியே போவது நிற்கிறது, பேச்சுத் துணை குறைகிறது. மனம் சுருங்குவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏன் இப்படி ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். "ஒரு ஆளுக்கு எதுக்கு உலை வைக்கிறது?" என்பது ஒன்று. அடுப்படி வீட்டின் பின்பக்கம், மூன்றாங்கட்டில் இருக்கும். முழங்கால் வலியோடு முகப்பிலிருந்து அங்கே போய்வருவதே ஒரு வேலை. பல் செட் சரியாகப் பொருந்தாததால் காயைக் கடிக்க முடியாமல் குழைந்த சாதத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. இதையெல்லாம் பேரன் பேத்திகள் ஊருக்கு வரும்போது ஒரே நாளில் சரிசெய்யலாம். இண்டக்ஷன் அடுப்பு ஒன்றையும் இரண்டு பாத்திரங்களையும் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் காலையில் ஒரு முட்டை அவித்துத் தரச் சொல்லுங்கள். முட்டை ஆகாதென்றால் பாசிப்பருப்பு அடை. மதியம் கெட்டிப் பருப்பு ஒரு கரண்டி கூட. சாயங்காலம் தேன்குழலுக்குப் பதில் நன்றாக வெந்த சுண்டல் அரைக் கிண்ணம். இவ்வளவுதான், புரதம் 15 கிராமுக்கு மேல் கூடிவிடும். சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும்.

கூடவே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, சோடியம் இவற்றைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு குறைந்தால் மறதியும் சோர்வும் மனச்சோர்வும் அப்படியே மறதி நோய்போல வரும். பி12 குறைந்தாலும் அப்படியே. இரண்டுக்கும் மருந்து உண்டு. காது சரியாகக் கேட்கிறதா என்றும் சோதியுங்கள். மறதி நோய் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு.

ரெண்டு நாளா திடீர்னு ஆளையே மாத்திப் பேசுறாங்க. இதுவும் சத்துக் குறைவா?

இதற்கு உணவு ஆலோசகரிடம் வராதீர்கள். முதியவருக்குச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழப்பம் வந்தால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குதல், பக்கவாதம், புதிய மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

நாங்க சுத்த சைவம். பி12 குறையும்னு சொல்றாங்களே?

குறைய வாய்ப்பு அதிகம். பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், கறி, ஈரல், முட்டை, பால் போன்றவற்றில்தான். நாளுக்கு இரண்டு தம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் எடுக்கும் சைவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். காபிக்கு ஊற்றும் பாலோடு நிறுத்துகிறவர்களுக்குப் போதாது. பழைய சோற்றிலும் புளித்த மாவிலும் நிறைய இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களும் தப்பிக்க முடியாத இடங்கள் இரண்டு. சர்க்கரைக்கு மெட்பார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் மாத்திரைகளை நாள்கணக்கின்றிச் சாப்பிட்டாலும் அப்படித்தான். உள்ளங்கால் மரத்துப்போவது, நடக்கும்போது தள்ளாட்டம், நாக்கு எரிச்சல், எரிந்து விழுவது, மறதி இவை அறிகுறிகள். வெறும் போலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும். நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். அதனால் சோதித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

கார்த்திகை மாலை, புரட்டாசி விரதம் இவற்றுக்காகப் பயப்பட வேண்டாம். கல்லீரலில் பி12 வருடக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும். ஒன்றிரண்டு மாத சைவம் அதைக் கரைத்துவிடாது.

அப்பச்சிக்கு ராத்திரி வேர்த்துக் கொட்டுது, கெட்ட கனவு, காலையில ஒரு மாதிரி குழப்பமா எழுந்திருக்காங்க. மனசுல ஏதோ பயமா?

சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிறவரா? அப்படியானால் முதலில் ராத்திரிச் சர்க்கரையைச் சந்தேகியுங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டு "பசிக்கலை" என்று பாலோடு படுத்தால், நடுராத்திரியில் சர்க்கரை இறங்கலாம். மூளைக்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ். அது குறையும்போது வேர்வை, நடுக்கம், பயங்கரக் கனவு, காலையில் தலைவலி, குழப்பம் எல்லாம் வரும். குளுக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் அந்த நேரத்திலேயே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். மறுநாளே மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேசுங்கள்.

எத்தனை மணி நேரம் தூங்கணும்? குறைஞ்சா மறதி நோய் வருமா?

பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாமல். 65 வயதுக்கு மேல் 7 முதல் 8. பதின்வயதினருக்கு 8 முதல் 10. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12.

இங்கிலாந்தில் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வரும் அபாயம் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. குறைந்த தூக்கமே காரணம் என்று இதைவைத்து அறுதியிட முடியாது. மேலே சொன்ன லான்செட் பட்டியலிலும் தூக்கம் சேரவில்லை. ஆனால் மனநலத்தில் தொடர்பு தெளிவாக இருக்கிறது: நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. தூக்கமின்மையை மனச்சோர்வின் விளைவாக மட்டும் பார்த்து, "மனசு சரியானா தூக்கம் வந்துடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். தூக்கத்துக்கென்றே தனியாகச் சிகிச்சை பார்த்தால் மனமும் சேர்ந்து தேறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பேரன் அமெரிக்காவிலிருந்து ராத்திரிதான் வீடியோ கால்ல வர்றான். பேசி முடிச்சா தூக்கம் போயிடுது. என்ன செய்ய?

பேசுவதை விடாதீர்கள், அது உங்களுக்குப் பெரிய மருந்து. நேரத்தை மாற்றுங்கள். கலிபோர்னியாவில் கோடைக் காலத்தில் காலை எட்டரை என்றால் இங்கே இரவு ஒன்பது. அதே நீங்கள் காலை ஏழு மணிக்குப் பேசினால் அங்கே முந்தின நாள் மாலை ஆறரை. பேரன் வேலை முடிந்து நிதானமாகப் பேசுவான். வாரத்தில் இரண்டு நாளாவது அப்படி மாற்றிப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார்ந்து பேசினால் இன்னொரு நன்மையும் உண்டு: காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரிப்படுத்துகிறது. பகலெல்லாம் இரண்டாங்கட்டு இருட்டில் இருந்துவிட்டு, ராத்திரி டிவி வெளிச்சத்தில் பட்டாலையில் படுத்தால் அந்தக் கடிகாரம் குழம்பும்.

சாயங்காலக் காபியை விட முடியாதே!

நாலு மணிக்கு முன் குடியுங்கள். காபியில் உள்ள கபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூட. ஆறரை மணிக் காபியில் பாதி, பதினொன்றரை மணிக்கும் உங்கள் உடம்பில் இருக்கும்.

மதியத் தூக்கம் தப்பா?

அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன்னால் என்றால் தப்பே இல்லை. இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மதியத்தைத்தான் குறைக்க வேண்டும்.

தூக்க மாத்திரை பழகிடுச்சு. மருந்துக் கடையில பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கிறோம்.

இதை நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். அல்பிரசோலம், குளோனசெபம் வகை மாத்திரைகள் குறைந்த காலத்துக்கு மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியவை. முதியவர்களுக்கு இவற்றால் நினைவு மங்கும், ராத்திரி எழும்போது தள்ளாடும். உயரமான வாசற்படியும் வழவழப்பான தரையும் உள்ள நம் வீடுகளில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பிறகு எழுந்து நடப்பதே போராட்டம். அதற்காக இன்றோடு நிறுத்திவிடவும் கூடாது. சட்டென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு உலகெங்கும் முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் முறை, சிபிடி-ஐ என்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, நேற்று எப்போது தூங்கியிருந்தாலும் சரி. படுக்கை தூங்க மட்டும். படுத்துக்கொண்டு போன் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது கூடாது. இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்து, கண் சொருகும்போது மறுபடி படுப்பது. முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். வலிப்பு நோய் அல்லது இருமுனை மனநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

அவருக்கு பலத்த குறட்டை. நடுவுல மூச்சே நின்ன மாதிரி ஆயிடுது. பகல்ல கடையில உட்கார்ந்தே தூங்குறாரு.

தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் படுத்தும் பயனில்லை. கோபம், மறதி, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் எல்லாம் இதனால் வரும். நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ போய்த் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை ராத்திரியில் கார் ஓட்ட விடாதீர்கள்.

படுத்தா கால் ரெண்டும் குறுகுறுன்னு இருக்கு, ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு.

இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டினும் பாருங்கள். சாப்பிட்டவுடன் காபி, டீ குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரைக்கு மேல் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

பையன் பிளஸ் டூ. ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சு, அஞ்சு மணிக்கு எழுந்திருக்கான். காலையில சாப்பிடாமலே பஸ் ஏறிடுறான்.

நாலு மணி நேரத் தூக்கத்தில் படித்தது தங்காது. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது தூக்கத்தில்தான். பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் படிக்கும் நேரம் குறைந்ததுபோல் தெரியும்; மூன்று வாரம் விட்டுப் பிடியுங்கள், மாதிரித் தேர்வில் பார்க்கலாம். இந்த வயதில் தூக்கம் தாமதமாக வருவது உடலின் இயல்பு. அவனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். போனை மட்டும் பத்து மணிக்கு வேறு அறையில் வைக்கப் பழக்குங்கள். காலையில் பஸ்ஸுக்கு முன் இரண்டு வாழைப்பழமும் அவித்த முட்டையும் போதும். ஆடி மாதத்தில் கிண்டும் கும்மாயத்தை மற்ற மாதங்களிலும் கிண்டலாமே! உளுந்து, பாசிப்பருப்பு, கருப்பட்டி, நெய். கருப்பட்டியைக் கொஞ்சம் குறைத்தால் படிக்கிற பிள்ளைக்கு நல்ல காலை உணவு.

நம்ம செட்டிநாட்டுக் காரம்தான் தூக்கத்தைக் கெடுக்குதா?

வீட்டுச் சமையல் அப்படி ஒன்றும் காரம் கிடையாது. இளங்குழம்பும் தண்ணிக் குழம்பும் மண்டியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தொல்லை நேரத்தில் இருக்கிறது. பத்தரைக்குக் கடையடைத்து, பதினொரு மணிக்குப் புரோட்டாவும் சிக்கனும் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே ஏறி, தூக்கம் துண்டு துண்டாகும். கடை வைத்திருப்பவர்கள் எட்டு மணிக்கு அங்கேயே இட்லியோ சப்பாத்தியோ முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து பசித்தால் மோர் போதும். தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து வரும் மத்தி, நெத்திலி, அயிலை விலையும் குறைவு, மூளைக்கு வேண்டிய ஒமேகா-3-ம் நிறைய. வாரம் இரண்டு முறை குழம்பாக வையுங்கள். பொரித்து எடுக்க வேண்டாம்.

ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருதுன்னு சொல்றாரே?

சீக்கிரம் கண் மூடும், பின்னிரவில் தூக்கம் உடையும், கனவு காணும் தூக்கம் குறையும். காலையில் பதற்றம் கூடும், அதற்காக மறுபடி குடிக்கத் தோன்றும். அதிகம் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு பி1 என்ற தயமின் தீர்ந்துபோய், குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வரலாம். அது உடனே ஊசி போட வேண்டிய நிலை. தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

வல்லாரை, பாதாம், கருப்புக் கவுனி, ஞாபக சக்திப் பொடி?

வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், பாதாம் நாலைந்து நல்லதுதான். கவுனி அரிசி தவிடு நீங்காத நல்ல தானியம்; சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்ட பிறகு அது இனிப்பு, விசேஷ நாளுக்கு. பொடிக்குக் கொடுக்கும் பணத்தில் மீனும் பயறும் வாங்கலாம்.

பிள்ளை பெத்த பொண்ணு சும்மா சும்மா அழுவுறா. பத்தியத்துல ஏதும் குறையா?

முதல் இரண்டு வாரம் அழுகை வருவது பல தாய்மாருக்கும் உண்டு. அதைத் தாண்டினால், அல்லது பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பத்தியத்தில் பூண்டுக் குழம்பு நல்லது. காய், பழம், தண்ணீரைக் குறைப்பது தவறு. இரும்பு மாத்திரையைத் தொடரட்டும். ராத்திரி ஒரு முறையாவது பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொண்டு, அவளை நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள்.

மாத்திப் பார்த்தும் மனசு தேறலைன்னா எங்க போறது?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது என்றால் உணவு மாற்றத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்து எழுந்தீர்கள், என்னென்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கடையில் நீங்களாக வாங்கியதையும் மறைக்காமல் அதில் சேருங்கள்.